துறைமுகத்துப் பலகை, லாரி பேரிங், தியேட்டர் பிலிம்: நாங்கள் செய்து விளையாடிய சாமான்கள்

எண்பதுகளின் கடைசியில் வடசென்னையின் தண்டையார்பேட்டையில் நாங்கள் வைத்து விளையாடியவற்றில் பம்பரமும் கோலியும்தான் கடையில் புதிதாக வாங்கியவை. மற்றதெல்லாம் ஏதாவது ஒரு தொழிலின் மிச்சம். பலகை என்றால் துறைமுகத்தில் சரக்கு இறக்கியபின் உடைத்துப் போட்ட மரப்பெட்டி. சக்கரம் என்றால் லாரிப் பட்டறையில் கழற்றி எறிந்த பேரிங். ரப்பர் வேண்டுமா, சைக்கிள் கடையில் இனி பஞ்சர் ஒட்ட முடியாது என்று ஒதுக்கிய டியூப் இருக்கும். நூலும் நூல்கட்டையும் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கத்துத் தையல்காரர்களிடம் கிடைக்கும். வலைத்துண்டு, தெர்மாகோல் இரண்டுக்கும் மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேடு. எந்தத் தெருவில் என்ன வேலை நடக்கிறது என்று எங்களை யாராவது கேட்டிருந்தால், அங்கே தரையில் என்ன கிடக்கும் என்பதை வைத்தே சொல்லியிருப்போம். ஊர் செய்த வேலைதான் எங்களுக்கு விளையாட்டுச் சாமான் ஆனது.

இப்போது என் மகளும் அண்ணன் பிள்ளைகளும் லீவு நாட்களில் மொட்டை மாடியில் இவற்றையெல்லாம் மறுபடி செய்கிறார்கள். செய்ய உட்கார்ந்தால்தான் எத்தனை நுணுக்கம் இருந்தது என்று தெரிகிறது. சில பொருள்கள் இன்று கிடைப்பதில்லை, சிலவற்றைக் கையில் கொடுக்கவே கூடாது, சில முன்பைவிட எளிதாகிவிட்டன. பிள்ளைகளோடு செய்து பார்க்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

எல்லாவற்றிலும் பெரியது பேரிங் வண்டி. இரண்டரை அடி நீளத்தில் ஒரு பலகை, ஒரு பிள்ளை காலை மடக்கி உட்காரும் அகலம். பின்னால் குறுக்கே ஒரு கட்டையை ஆணி அடித்துப் பொருத்தி, அதன் இரண்டு முனையிலும் பேரிங்கை இறுக்க வேண்டும். முன்னாலும் அதேபோல ஒரு கட்டை, ஆனால் அது ஒரே ஒரு போல்ட்டில்தான் நிற்கும். உட்கார்ந்திருப்பவர் இரண்டு காலாலும் முன்கட்டையைத் தள்ளினால் வண்டி திரும்பும். நான்கு பேரிங் கிடைக்காதவர்கள் முன்னால் ஒன்றை மட்டும் நடுவில் வைத்துச் சமாளிப்பார்கள். அது சீக்கிரம் திரும்பும், சீக்கிரம் கவிழவும் செய்யும்.

பேரிங் வாங்கத் திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறைக்குப் போவோம். அங்கே ஒரு மெக்கானிக் மாமா இருந்தார். சும்மா கொடுக்க மாட்டார். பேரிங்கின் பக்கவாட்டில் குத்தியிருக்கும் நம்பரைக் காட்டி, "இன்னா பாப்பா, இது எத்தினி எம்.எம்.? சொல்லிட்டு எத்துனு போ" என்பார். கணக்கையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். நம்பரின் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்துளையின் விட்டம் மில்லிமீட்டரில் வந்துவிடும். 6204 என்றால் 20 மில்லிமீட்டர். 6205 என்றால் 25. கடைசி இரண்டு இலக்கம் 04, அதற்கு மேல் என்றால் இந்தக் கணக்கு பொருந்தும். எனக்கு ஐந்தாம் வாய்ப்பாடு மனதில் நின்றது அந்தப் பட்டறையில்தான். கட்டையைச் சீவுவதற்கு முன்பே எவ்வளவு தடிமன் வேண்டும் என்று தெரிந்துவிடுவதால் வேலை மிச்சம்.

பொருத்துவதில்தான் பலருடைய வண்டி கெட்டுப்போகும். கட்டையின் முனையை உள்துளையைவிட ஒரு நூலிழை பெரிதாக வட்டமாகச் சீவ வேண்டும். பேரிங்கை அதில் வைத்துத் தட்டும்போது உள்வளையத்தில் மட்டும்தான் அடி விழ வேண்டும். வெளிவளையத்தில் சுத்தியால் அடித்தால் அந்த அடி முழுக்க உள்ளே இருக்கும் குண்டுகளின் மேல் இறங்கும். அப்புறம் அது கரகரவென்றுதான் சுற்றும். கட்டை முழுக்க உள்ளே போனதும் அதன் முனையைப் பிளந்து ஓர் ஆப்பு இறக்கினால் கழலவே கழலாது. உட்காரும் பலகைக்குப் பெட்டி மரமே போதும், குறுக்குக் கட்டைக்கு அது ஆகாது. இளகிய மரம், முனை நசுங்கிவிடும். வேப்பங்கட்டை நன்றாகத் தாங்கும். பழைய பேரிங்கில் மண் ஏறியிருந்தால் மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவிவிட்டுப் புது கிரீஸ் வைக்க வேண்டும். இதைப் பெரியவர்கள் செய்து கொடுப்பது நல்லது.

பெட்டி மரம் பற்றி இன்றைக்கு அவசியம் ஒன்று சொல்ல வேண்டும். கப்பலில் வரும் மரப்பெட்டிகளிலும், சரக்கு அடுக்கும் மரத்தட்டுகளிலும் கதிர் போன்ற ஒரு சின்னத்தோடு முத்திரை குத்தியிருப்பார்கள். பூச்சி, புழு நாடு விட்டு நாடு போகாமலிருக்க 2002-இல் வந்த சர்வதேச விதி அது. முத்திரையில் எச்.டி. (HT) என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் மரத்தைச் சூடுபடுத்திப் பக்குவம் செய்திருக்கிறார்கள் என்று பொருள், அதைப் பயன்படுத்தலாம். எம்.பி. (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற விஷவாயுவைப் பாய்ச்சியது. அதைப் பிள்ளைகள் விளையாடும் சாமானுக்குத் தொடவே வேண்டாம். ரசாயனமோ எண்ணெயோ சிந்திய கறை உள்ள பலகையும் வேண்டாம். என் நைனா (அப்பா) துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் இந்த முத்திரை கிடையாது, ஆனாலும் பலகையை மோந்து பார்த்துவிட்டுத்தான் எங்களிடம் தருவார்.

எங்கள் பக்கம் கடலோரத்துத் தட்டை நிலம். சரிவு என்று பார்த்தால் மேம்பாலங்கள்தான், அங்கே கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். ஆகவே வண்டி தானாக ஓடாது, ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் முதுகில் கைவைத்துத் தள்ள வேண்டும். தெருவோரத்து மின்சார பில்லர் பாக்ஸிலிருந்து அடிபம்பு வரை ஒரு சவாரி, அப்புறம் இடம் மாற வேண்டும். இந்தக் கணக்கில் ஏமாற்றியவனை அடுத்த நாள் யாரும் தள்ள மாட்டார்கள், அவ்வளவுதான் தண்டனை. மத்தியானத்தில் இரும்பு பேரிங் தார் ரோட்டில் உருளும் சத்தத்துக்கு எங்கள் ஆயா (பாட்டி) வாசலுக்கு வந்துவிடும். "இன்னாடி இது, மனுசி சித்த நேரம் கண்ண மூட வாணாமா?" என்று கத்தும். நாலு மணிக்கு மேல் ஆயாவே திண்ணையில் உட்கார்ந்து, யார் எத்தனை தடவை ஏறினார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கும்.

இப்போது பல சந்துகளில் சிமென்ட் ரோடு வந்துவிட்டது. பேரிங் வண்டிக்கு அது தார் ரோட்டைவிட நல்லது, சின்னக் கற்கள் சிக்குவதில்லை. வண்டி போகிற ரோட்டில் விட வேண்டாம். மூடிய கேட்டுக்குள், பள்ளி மைதானத்தில், காலியான பார்க்கிங் தளத்தில் விடலாம். பிள்ளைகள் ஷூ போட்டிருக்க வேண்டும், செருப்பு போதாது. முன் போல்ட்டுக்கு இரண்டு நட்டு போட்டு ஒன்றின்மேல் ஒன்றை இறுக்க வேண்டும். ஓட்டத்தில் கழலும் ஒரே இடம் அதுதான்.

அடுத்தது தெருவில் எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்த சாமான், பல்பு சினிமா. தண்டையார்பேட்டையில் அகஸ்தியா தியேட்டர் இருந்தது. தியேட்டர் பக்கத்துப் பெட்டிக்கடைகளில் வெட்டி எறிந்த பிலிம் துண்டுகள் விற்பார்கள். ஓரத்தில் நான்கு துளைக்கு ஒரு படம். ஓர் அடி பிலிமில் பதினாறு படம் வரும். தியேட்டரில் ஒரு நொடிக்கு 24 படம் ஓடுவதால் ஒன்றரை அடி வாங்கினால் திரையில் ஒரே ஒரு நொடி. இது எங்களுக்கு அப்போது பெரிய அதிசயம். ஒரு முழுச் சண்டைக்காட்சிக்கு எத்தனை அடி வேண்டும் என்று மாலை முழுக்கக் கணக்குப் போட்டிருக்கிறோம்.

ஃபியூஸ் போன குண்டு பல்பின் உள்பாகத்தை அண்ணன் எடுத்துவிட்டுத் தண்ணீர் நிரப்புவான். தண்ணீர் நிரம்பிய கண்ணாடிக் குண்டு லென்ஸாக வேலை செய்யும். வெளியே ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து வெயிலை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் திருப்புவார். உள்ளே வெளிச்சத்தின் பாதையில் முதலில் பிலிம், அதற்கு அடுத்து பல்பு, எதிர்ச் சுவரில் நைனாவின் வெள்ளை வேட்டி. மற்ற ஜன்னல், கதவு இடுக்கெல்லாம் கோணிப்பையால் அடைத்திருக்கும். படம் தலைகீழாக விழும் என்பதால் பிலிமைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். வெயில் நகர நகரக் கண்ணாடியும் நகர வேண்டும். அதனால் கண்ணாடி பிடிப்பவர் படமே பார்க்க முடியாது. அவருக்குக் கடைசியில் தனிக் காட்சி உண்டு.

பிலிமை எங்கே பிடிப்பது என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. தண்ணீர்க் குண்டின் குவியம் அதன் மையத்திலிருந்து ஏறக்குறைய குண்டின் விட்டத்தளவு தள்ளி விழும். ஆறு சென்டிமீட்டர் பல்பு என்றால் மையத்திலிருந்து ஆறு, அதாவது கண்ணாடிப் பரப்பிலிருந்து மூன்று சென்டிமீட்டர். பிலிமை அதைவிடக் கொஞ்சூண்டு வெளியே வைத்து முன்னும் பின்னும் நகர்த்தினால் ஓர் இடத்தில் படம் பளிச்சென்று நிற்கும். சுவர் இரண்டு மீட்டர் தூரத்தில் இருந்தால் பிலிம் படம் முப்பது மடங்குக்கு மேல் பெரிதாகும். இரண்டு சென்டிமீட்டர் அகலப் படம் வேட்டியில் இரண்டு அடிக்கு விரியும். நடுவில் தெளிவாகவும் ஓரத்தில் மங்கலாகவும் தெரியும். குண்டு வடிவத்துக்கு அதுதான் இயல்பு, சரிசெய்ய முடியாது.

இன்று பல்பை உடைத்துச் செய்யச் சொல்ல மாட்டேன். பழைய பல்பின் கண்ணாடி முட்டை ஓடு மாதிரி மெல்லியது. இப்போது வீடுகளில் இருக்கும் எல்.இ.டி. பல்பில் தண்ணீர் ஊற்றவே முடியாது. சுருள் வடிவ சி.எஃப்.எல். பல்பிலும் டியூப்லைட்டிலும் பாதரசம் இருக்கிறது, பிள்ளைகள் அவற்றை உடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் ஒரு பூதக்கண்ணாடி, செல்போனின் டார்ச், ஒரு செருப்புப் பெட்டி இவையே போதும். பெட்டியின் ஒரு பக்கம் லென்ஸ் அளவுக்கு வட்டம் வெட்டி ஒட்டி, உள்ளே நகர்த்தக்கூடிய அட்டையில் படத்தைச் செருகி, பின்னால் டார்ச் வைத்துவிட்டால் இரவிலும் சினிமா ஓட்டலாம். டார்ச்சுக்கு முன்னால் ஒரு எண்ணெய்த்தாள் ஒட்டினால் வெளிச்சம் சீராகப் பரவும். பிலிம் கிடைக்காது என்று கவலைப்பட வேண்டாம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் பிள்ளைகளே மார்க்கரால் வரையட்டும். என் மகள் மீன் கூடை தூக்கிய ஒரு அம்மாவை ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி வரைந்து நடக்கவைத்தாள். நாங்கள் அடுத்தவர் எடுத்த படத்தைத்தான் ஓட்டினோம், இவர்கள் தாங்களே படம் எடுக்கிறார்கள். இந்த ஒன்றில் இன்றைய பிள்ளைகள் எங்களைவிடக் கொடுத்துவைத்தவர்கள் என்று மனதார நினைக்கிறேன். ஒன்று மட்டும் கவனம்: லென்ஸோ தண்ணீர் பாட்டிலோ வெயிலைக் குவித்தால் தாள் பற்றிக்கொள்ளும். வேலை முடிந்ததும் அவற்றை ஜன்னலோரம் விட்டுவிட்டு வரக் கூடாது.

காத்தாடிக்கு, அதாவது பட்டத்துக்கு, வருவோம். வடசென்னையில் காத்தாடி விடுவது காற்றைப் படிக்கும் படிப்பு. கோடையில் மத்தியானம் வரை புழுங்கும், அப்புறம் கிழக்கேயிருந்து கடல்காற்று உள்ளே வரும். அப்போது விட்ட காத்தாடி எல்லாம் கொருக்குப்பேட்டை ரயில் பாதைப் பக்கம் மேற்கே போகும். ஆடியில் காலையிலேயே மேல்காற்று பலமாக அடிக்கும், காத்தாடி கடலைப் பார்த்துப் போகும். அந்த நேரத்தில் நூல் அறுந்தால் அது மீன்பிடித் துறைமுகத்தைத் தாண்டிப் போய்விடும், துரத்தி ஓடிப் பயனில்லை. சாயங்காலம் கடல்காற்று வந்தால் திசை அப்படியே மாறும், நடுவில் கொஞ்ச நேரம் காற்றே நின்றுவிடும். அந்த இடைவெளியில் மேலே இருந்த காத்தாடிகள் ஒவ்வொன்றாக இறங்கும். காசிமேட்டுப் பிள்ளைகள் மட்டும் அதற்கு முன்பே சுருட்டிவிடுவார்கள். அவர்கள் அப்பாக்கள் கடலுக்குப் போகிறவர்கள், காற்று திரும்புவதை அவர்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

வீட்டில் செய்ய நியூஸ்பேப்பர் போதும். சதுரமாக வெட்டிய அரைத்தாள், தென்னந்துடைப்பத்திலிருந்து இரண்டு ஈர்க்கு, சோற்றுப் பசை. ஓர் ஈர்க்கு மூலைக்கு மூலை நேராக நிற்கும் முதுகு. இன்னொன்று குறுக்கே வில்லாக வளையும். வளையும் ஈர்க்கை முதலில் நடுவில் விரல்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் தடித்த பக்கத்தை நகத்தால் சுரண்டி இரண்டு பக்கமும் ஒரே எடைக்குக் கொண்டுவர வேண்டும். காத்தாடி ஒரு பக்கமாகக் குத்துவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

மீதிப் பாதி சூத்திரம். இரண்டு ஈர்க்கும் சந்திக்கும் இடத்தில் ஒரு முடிச்சு, முதுகின் கீழ்ப்பகுதியில் ஒரு முடிச்சு, இரண்டையும் சேர்த்து முன்னால் ஒரு முடிச்சு. அந்த முன்முடிச்சைப் பிடித்துத் தூக்கினால் காத்தாடியின் தலை கொஞ்சம் மேலே சாய்ந்து நிற்க வேண்டும். காற்று பலமாக இருந்தால் மேல்நூலைக் கொஞ்சம் குட்டையாக்கினால் காத்தாடி அடங்கிப் பறக்கும். காற்று மெலிதாக இருந்தால் கொஞ்சம் நீட்ட வேண்டும். இதில் அரை விரற்கடை மாற்றினால்கூட வித்தியாசம் தெரியும். சுற்றிச் சுற்றி விழுந்தால் பழைய புடவை ஓரத்தைக் கிழித்து வால் கட்ட வேண்டும். வாலை நீளமாகக் கட்டிவிட்டுப் பறக்கும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரிப்பது நல்ல வழி.

மாஞ்சா பற்றிப் பேசாமல் எங்கள் ஊரில் காத்தாடி பற்றிப் பேச முடியாது. டீல் போட்டு, அதாவது அடுத்தவர் காத்தாடி நூலோடு உரசி, அறுப்பதற்காகக் கண்ணாடித்தூள் ஏற்றிய நூல், பைக்கில் அப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்து போன குழந்தைகளின் கழுத்தை அறுத்திருக்கிறது. வடசென்னையிலேயே அப்படிப் பிள்ளைகள் செத்திருக்கிறார்கள். நைலான் உள்ளிட்ட செயற்கை இழை மாஞ்சாவை 2017 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை செய்தது. சென்னைக் காவல்துறையும் மாஞ்சா விற்பவர்கள்மீதும் விடுபவர்கள்மீதும் நடவடிக்கை எடுக்கிறது. நான் இதில் விட்டுக்கொடுத்துப் பேசத் தயாராக இல்லை. வெறும் பருத்தித் தையல் நூலில், மைதானத்திலோ கடற்கரையிலோ விடும் காத்தாடியே போதும். போட்டி வேண்டுமென்றால் யாருடையது அதிக நேரம் நிற்கிறது என்று பார்க்கலாம், யாருடைய வால் அழகு என்று பார்க்கலாம். கைப்பிடிச்சுவர் இல்லாத மாடி வேண்டாம். ரயில் பாதையோரமும் வேண்டாம். பாதைக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் இருக்கிறது, ஈரமான நூல் வழியாகவே அது இறங்கிவிடும். கம்பியில் மாட்டிய காத்தாடியைக் குச்சியால் எடுக்கக் கூடாது, போனது போனதுதான்.

பந்து செய்வது இவற்றைவிட எளிது. சைக்கிள் டியூபைக் கத்தரிக்கோலால் அரை விரல் அகலத்துக்குக் குறுக்கே வெட்டினால் வளையம் வளையமாக வரும். துணியையோ தாளையோ எலுமிச்சை அளவுக்கு இறுக்கி உருட்டி, அதன்மேல் வளையங்களை ஒவ்வொன்றாகத் திசை மாற்றி மாட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரே திசையில் மாட்டினால் முட்டை வடிவமாகிவிடும். உள்ளே வைத்தது இறுக்கமாக இருந்தால்தான் பந்து எகிறும். துறைமுகத்துப் பலகையிலோ தென்னை மட்டையிலோ பேட். இந்த டியூப் பந்து ஜன்னல் கண்ணாடியை அவ்வளவாக உடைக்காது, ஆனால் முதுகில் பட்டால் சுள்ளென்று இருக்கும்.

அறுந்த ஹவாய் செருப்பு இன்னொரு புதையல். சோடா மூடியை மேலே வைத்துக் கோடு போட்டு வெட்டினால் நான்கு சக்கரம் வரும். பவுடர் டப்பாவைப் படுக்கவைத்து, பக்கத்துக்கு இரண்டு துளை போட்டு, சைக்கிள் ஸ்போக்ஸைக் குறுக்கே விட்டு, முனைகளில் சக்கரத்தைக் குத்தினால் பஸ். துளை ஸ்போக்ஸைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும், கம்பி தாராளமாகச் சுற்றட்டும். சக்கரம் கம்பியை இறுக்கிப் பிடித்தால் போதும். இன்றைக்குத் தகர டப்பாவுக்குப் பதில் பிளாஸ்டிக் பாட்டில் எடுத்துக்கொள்ளலாம், கை அறுக்காது. சக்கரத்தை நான்தான் வெட்டிக்கொடுக்கிறேன், துளை போடுவதும் கோப்பதும் பிள்ளைகள் வேலை.

நூல்கட்டை டாங்கி என்று ஒன்று உண்டு. தையல் நூல் சுற்றிய மரக்கட்டையின் துளை வழியாக ரப்பர் பேண்டை விட்டு, ஒரு பக்கம் சின்னக் குச்சியால் அசையாமல் பூட்ட வேண்டும். மறுபக்கம் மெழுகுவர்த்தியில் சீவிய ஒரு வில்லையை வைத்து, அதற்கு வெளியே நீளக் குச்சியைக் கோத்து முறுக்கிக் கீழே விட்டால் தானாக ஊர்ந்து போகும். மெழுகு வழுக்குவதால் ரப்பர் மெதுவாகப் பிரியும், டாங்கியும் நிதானமாக நகரும். மெழுகு இல்லாமல் செய்தால் ஒன்று நகராது, இல்லை ஒரே துள்ளலில் நின்றுவிடும். கட்டையின் விளிம்பில் கத்தியால் பல் வெட்டிவிட்டால் புத்தக அடுக்கின்மேல்கூட ஏறும். இப்போது மரக்கட்டை கிடைப்பதில்லை, பிளாஸ்டிக் நூல்கண்டிலும் நன்றாகவே ஓடுகிறது.

தீப்பெட்டி போன், நசுக்கிய சோடா மூடியில் இரண்டு துளை போட்டு நூல் கோத்துச் சுழற்றும் விர்ரு, குச்சியால் தட்டி ஓட்டும் டயர் இவையெல்லாம் எல்லா ஊரிலும் இருந்தவைதான். போனுக்கு நூல் விறைப்பாக இருக்க வேண்டும், நடுவில் எதிலும் படக் கூடாது. விர்ருக்கு மூடி வேண்டாம், பெரிய கோட்டு பட்டன் பாதுகாப்பு. இவ்வளவு போதும்.

பெண் பிள்ளை என்று எனக்குத் தனியாக ஒரு சாமான் பட்டியல் இருந்தது. நொண்டிக்கு உடைந்த ஓட்டுச் சில்லு, பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை, வளையல் துண்டு. அவையும் எனக்குப் பிடிக்கும். ஆனால் பேரிங் வண்டியில் ஏறும் உரிமை ஆயா சண்டைபோட்டு வாங்கிக் கொடுத்தது. "அவளும் பலக தூக்கினு வந்தா இல்ல, ஏத்துடா" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டது. செய்வதில் பங்கு இருந்தால் ஓட்டுவதிலும் பங்கு என்பது அன்றிலிருந்து தெருச்சட்டம். எங்கள் வீட்டு மாடியில் இன்றும் அதே சட்டம்தான். என் மகள் சுத்தி பிடிக்கிறாள், அண்ணன் மகன் துணி தைக்கிறான்.

இடம் பற்றியும் சொல்ல வேண்டும். கடற்கரை இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நாங்கள் தெருவிலும் மாடியிலும் விளையாடியதற்குக் காரணம் உண்டு. இந்தக் கரையில் மணல் வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1870-களில் துறைமுகம் கட்டத் தொடங்கியதும் அதன் கற்சுவர் அந்த மணலைத் தடுத்தது. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் பக்கம் வரை கடல் கரையைத் தின்றது. அதைத் தடுக்கத்தான் பாறாங்கற்களைக் கொட்டினார்கள். துறைமுகம் எங்களுக்குப் பலகை கொடுத்தது, மணலை எடுத்துக்கொண்டது. அந்தக் கற்களின்மேல் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். பாசி வழுக்கும், இடுக்கில் கால் மாட்டும், அலை எந்த நேரத்தில் மேலேறும் என்று சொல்ல முடியாது. மழைக்காலத்தில் தெருவில் தேங்கும் தண்ணீரில் தெர்மாகோல் படகு விடுவோம். அதையும் இப்போது வாளித் தண்ணீரில் விடச் சொல்கிறேன். அந்தத் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கும், எலிக்காய்ச்சல் வரும்.

தெருவில் இப்போது இரண்டு பக்கமும் பைக் நிற்கிறது. எங்கள் சந்தில் நாலைந்து குடும்பங்கள் பேசி, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி வரை ஒரு பக்கத்து வண்டிகளை நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்த ஒப்புக்கொண்டோம். கேட்டால் கொடுக்கிறார்கள். அவர்களும் டயர் ஓட்டி வளர்ந்தவர்கள்தானே. இரண்டு தாத்தாக்கள் டீ கிளாஸோடு வந்து நிற்கிறார்கள், சூத்திரம் போடுவதில் எனக்கே திருத்தம் சொல்கிறார்கள்.

தொடங்க நினைப்பவர்கள் டியூப் பந்தில் தொடங்குங்கள், அரை மணி நேரத்தில் முடியும், அன்றே விளையாடலாம். அடுத்து செருப்புச் சக்கர பஸ், டாங்கி. காத்தாடியை ஆடி வரைக்கும் தள்ளிவைக்கலாம், காற்று பாதி வேலையைச் செய்துவிடும். பேரிங் வண்டிக்கு எட்டு வயதாவது ஆகட்டும். பட்டறைக்குப் பழைய பேரிங் கேட்டுப் போகும்போது பிள்ளையையும் கூட்டிப் போங்கள். நான்கும் ஒரே நம்பராக இருக்கிறதா என்று அவர்களே படித்துப் பார்க்கட்டும். விரலால் சுற்றிவிட்டுக் காதருகே பிடித்தால் கரகரப்பு தெரிந்துவிடும், அதை ஒதுக்கிவிட்டு வேறு கேளுங்கள். பட்டறைக்காரர் காசு வாங்க மறுத்தாலும் ஒரு டீக்காவது கொடுத்துவிட்டு வாருங்கள்.